பிரெயின்ஸ்டார்மிங் மீட்டிங்கா? பேசுறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் எழுதுங்க

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, டாக்ஸும் இல்லை. ஆபீஸ் மீட்டிங் பற்றிப் பேசப் போறோம். ஆனா விஷயம் சுற்றிச் சுற்றி உங்க அப்ரைசலில்தான் வந்து நிற்கும். அதனால பொறுமையா படிங்க.

கொஞ்ச நாள் முன்னாடி, நம்ம ஆழ்வார்பேட்டை ஆபீஸிலிருந்து நடந்து போகிற தூரத்தில், டிடிகே ரோட்டில் ஒரு கிளையண்ட் ஆபீஸுக்குப் போயிருந்தேன். பிரச்சினை சின்னதுதான். டிராவல் க்ளெய்ம் எல்லாம் மாசக் கடைசியில் மொத்தமா வந்து குவியுது, பல பேருக்குப் பணம் அடுத்த மாசத்துக்குத் தள்ளிப் போகுது. "எல்லாரும் ஃப்ரீயா ஐடியா சொல்லுங்க, பிரெயின்ஸ்டார்ம் பண்ணலாம்" என்று ஹெட் ஆரம்பித்தார். அதே மூச்சில், "என்னைக் கேட்டா புது சாஃப்ட்வேர் வாங்கிடலாம்" என்றும் சொல்லிட்டார். அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரமும் எந்த சாஃப்ட்வேர், என்ன விலை என்றே ஓடிப் போச்சு.

வெளியே டீக்கடையில் அக்கவுண்ட்ஸ் டீமில் இருந்த தம்பி ஒருத்தர் மெதுவா சொன்னார்: "சார், கட்-ஆஃப் தேதி 30. சேல்ஸ் ஆளுங்க கடைசி வாரம் டார்கெட்டுக்காக வெளியூர்லதான் இருப்பாங்க. தேதியை 10-க்கு மாத்தினா போதும் சார்."

"இதை ஏன் உள்ளே சொல்லல?"

"சாஃப்ட்வேர்னு அவர் சொன்னதுக்கு அப்புறம் நான் எப்படி சார் தேதியைப் பத்திப் பேசுறது?"

சிஏ புத்தி, உடனே கணக்குப் போட்டேன். ஆளுக்குச் சராசரி 12 லட்சம் சிடிசி, வருஷத்துக்கு 2,000 வேலை மணி நேரம்னு வெச்சுக்கோங்க. ஒரு மணி நேரம் 600 ரூபாய். 8 பேர், ஒன்றரை மணி நேரம்: 7,200 ரூபாய். இதே மாதிரி வாரம் ஒரு மீட்டிங், வருஷத்துக்கு 50 வாரம்னா 3,60,000. இவ்வளவு செலவு பண்ணி, நல்ல ஐடியா டீக்கடையில் வெளியே வருது.

பிரெயின்ஸ்டார்மிங்கைப் பிரபலமாக்கியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன், அமெரிக்காவில் பிபிடிஓ விளம்பர நிறுவனத்தின் பார்ட்னர். 1953-ல் வந்த அவருடைய புத்தகத்தில் நாலு விதிகள் இருக்கு. யார் ஐடியாவையும் குறை சொல்லாதே, கிறுக்குத்தனமா இருந்தாலும் சொல்லு, எண்ணிக்கை முக்கியம், அடுத்தவர் ஐடியா மேல உன்னுடையதைக் கட்டு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தாங்க. 4 பேர் கூடிப் பேசினது ஒரு பக்கம். 4 பேர் தனித்தனியா யோசிச்சு, அதையெல்லாம் கடைசியில் சேர்த்தது இன்னொரு பக்கம். தனியா யோசிச்சவங்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஐடியா கிடைச்சது! பிறகு 1987-ல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரண்டு ஆய்வாளர்கள் காரணத்தைத் தோண்டினாங்க. கூச்சமோ, சோம்பேறித்தனமோ பெரிய காரணம் இல்லை. ஒருத்தர் பேசும்போது மற்றவங்க வாயை மூடிக் காத்திருக்கணும் இல்லையா, அதுதான் முக்கியக் காரணம். நம்ம முறை வர்றதுக்குள்ள ஐடியா மறந்து போகுது, இல்லை 'இதைப் போய் சொல்றதா' என்று நாமே அழிச்சிடறோம்.

அப்போ கூட்டமா யோசிக்கிறதே வேஸ்ட்டா? இல்லை. நம்ம பாடிக்கே வாங்க. அங்கே சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு 1998-ல் டெமிங் பரிசு வாங்கிச்சு. இந்தியாவில் அந்தப் பரிசு வாங்கிய முதல் கம்பெனி. டிவிஎஸ் மோட்டார் 2002-ல் வாங்கிச்சு. தரத்துக்கான இந்த ஜப்பான் வழிமுறையில், தொழிலாளர்களையும் யோசிக்க வைக்கிறது ஒரு முக்கியமான பகுதி. அதில் ஒன்றுதான் 1962-ல் ஜப்பானில் ஆரம்பித்த குவாலிட்டி சர்க்கிள். ஒரே இடத்தில் வேலை பார்க்கிற சில பேர் உட்கார்ந்து, அவங்க மெஷினில் வருகிற பிரச்சினையையே எடுத்துப்பாங்க. அங்கே பொதுவான வழக்கம், வரிசையா ஆளுக்கு ஒரு ஐடியா. இல்லைன்னா 'பாஸ்' சொல்லிட்டு அடுத்தவருக்கு விட்டுடலாம். சத்தமா பேசுறவர் முழு நேரத்தையும் எடுத்துக்க முடியாது. இந்த ஒரு சின்ன ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதைவிட அமைதியான முறை ஒன்று ஜெர்மனியில் 1968-ல் வந்தது, பெயர் 6-3-5. 6 பேர், ஆளுக்கு 3 ஐடியா, 5 நிமிஷம். எழுதினதும் பேப்பரைப் பக்கத்தில் இருக்கிறவருக்குத் தள்ளணும், அவர் அதைப் பார்த்துட்டு இன்னும் 3 எழுதணும். 6 சுற்று முடிஞ்சா, அரை மணி நேரத்தில் 108 வரைக்கும் வரும். நிஜத்தில் கடைசிச் சுற்றில் சரக்கு தீர்ந்துடும், அது பரவாயில்லை.

நீங்க டீம் லீட் இல்லைன்னா இதை எப்படிக் கேட்கிறது? "பேசுறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் எழுதிக்கலாமா மேடம்?" அவ்வளவுதான். யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. சீனியர் கடைசியில் பேசினா இன்னும் நல்லது. ஆனா அதை அவர்கிட்டே தனியா, மீட்டிங்குக்கு முன்னாடி சொல்லுங்க. எது நல்லது, எது தேறாதுன்னு வாதாடுறது எல்லாம் எழுதி முடிச்ச பிறகு. அதுக்குக் கூட்டம் கண்டிப்பா வேணும்.

அடுத்த மாசம் அதே ஆபீஸில் இதைச் செய்தோம். பெயர் போடாத சீட்டுகள். தேதியை மாத்தலாம்னு தம்பி மட்டும் இல்லை, இன்னும் இரண்டு பேர் எழுதியிருந்தாங்க! மூணு பேருக்குத் தெரிஞ்ச விஷயம், போன மீட்டிங்கில் ஒருத்தர் வாயிலும் வரலை.

இங்கேதான் சம்பள விஷயம் வருது. பெயர் இல்லாத சீட்டில் தைரியம் வரும், ஆனா கிரெடிட் போயிடும். அதனால ஐடியா தேர்வானதும், அன்னிக்கு சாயந்திரமே மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்க. பிரச்சினை என்ன, உங்க யோசனை என்ன, எவ்வளவு மிச்சம். கண்டிப்பா ரூபாயில் எழுதணும். தம்பி எழுதினது இது: மாசம் 40 லேட் க்ளெய்ம், ஒவ்வொன்றுக்கும் 15 நிமிஷம் ஃபாலோ-அப், மொத்தம் 10 மணி நேரம். மணிக்கு 300 ரூபாய்னா மாசம் 3,000, வருஷத்துக்கு 36,000. மற்ற இரண்டு பேர் பெயரையும் சேர்த்துப் போட்டிருந்தார், அது அவருடைய நல்ல மனசு. அப்ரைசல் படிவத்தில் 'டீமுக்கு உறுதுணையாக இருந்தேன்' என்று எழுதுறதுக்குப் பதிலா இந்த மூணு வரியை அப்படியே ஒட்டலாம்.

தேதி 10-க்கு மாறிடுச்சு. சாஃப்ட்வேர் கொட்டேஷன் இன்னும் யாரோ மேஜையில் இருக்கு. தம்பிக்கு 5,000 ரூபாய் கேஷ் அவார்டு கிடைச்சது. போன் பண்ணி முதல் கேள்வியே, "சார், இதுக்கு டாக்ஸ் உண்டா?"

உண்டு தம்பி. ஆபீஸ் பணமா கொடுத்தா அதுவும் சம்பள வருமானம்தான். ஃபார்ம் 16-ல் சேர்ந்திருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க.