புகைமூட்டம் வரும் வழி

ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கிலே குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று அடியில் தங்கும். மேலே வெப்பக்காற்று மூடிபோல் அமையும். ஊர்ப்புகை அங்கேயே தேங்கும். சிங்கப்பூரைச் சூழ மலைச்சுவர் இல்லை. தேக்காவில் நாம் முகரும் புகைமூட்டம் கடல் கடந்து வருவது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று சுமத்ராவின் தீப்புகையைச் சுமந்துவரும். மக்கிய தழைகள் ஆழப் படிந்த சதுப்புநிலம் அது. தீ மண்ணுக்கடியிலும் கனன்றுகொண்டிருக்கும். மேலே நீர் தெளித்தால் போதாது, பெருமழை வேண்டும். எல் நினோ ஆண்டுகளில் அம்மழை பிந்தும். 1997, 2015 அத்தகையவை. 2015 செப்டம்பர் 25 அன்று தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் மூடப்பட்டதை ஆசிரியர்கள் அறிவர். ஆனால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்ட 2013 ஜூன் 21, எல் நினோ இல்லாத ஆண்டினது. பருவம் புகையைக் கொணர்கிறது. தீ மூட்டுவது நிலந்திருத்துவோர் கை. மாணவர்க்கு இரண்டையும் பிரித்துக் காட்டவேண்டும். வாடை தொடங்கியதும் காற்று திசைமாறும், மழை வலுக்கும், வானம் தெளியும்.