பனடோலும் பள்ளிக்கூட நூலகரும்

லவாலில் எங்கள் வீடுகளில் மருந்துப் பெட்டியின் பிரெஞ்சை வாசித்துச் சொல்வது பெரும்பாலும் பிள்ளைகள்தான். அம்மம்மாவுக்குத் தடிமன், காய்ச்சல். ஊரிலிருந்து கொண்டுவந்த பனடோல் இரண்டு குளிசை போட்டாயிற்று. பிறகு இங்கே வாங்கிய தடிமன் மருந்தும் கொடுக்கிறோம். ஊரில் பரசிற்றமோல் என்பதும் இங்கே அசெற்றமினோபென் என்பதும் ஒன்றேதான். தடிமன் மருந்துகள் பலவற்றிலும் அது கலந்திருக்கிறது. அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். பிள்ளை சொல்லை வாசிக்கும்; இதை யார் சொல்லிக் கொடுப்பது?

பள்ளிக்கூட நூலகர் சொல்லிக் கொடுக்கலாம். அவர் மருந்து சொல்பவர் அல்ல. பெட்டியில் மருந்தின் பெயர் எது, கம்பனி வைத்த பெயர் எது என்று பிரித்துக் காட்டலாம். இன்ரநெற்றில் ஒரு வைத்தியக் குறிப்பைக் கண்டால் எழுதியது யார், எந்த ஆண்டு, எதையாவது விற்கிறார்களா என்று பார்க்கப் பழக்கலாம். பற்றுச்சீட்டில் நாங்கள் கணக்காளர்கள் பார்ப்பதும் ஏறக்குறைய இதைத்தான்.

கியூபெக்கில் 14 வயதானால் தன் வைத்தியத்துக்குப் பிள்ளையே சம்மதம் கொடுக்கலாம். அதற்கு முன்பே பழகட்டும். ஒரே நூலகர் பல பள்ளிக்கூடங்களைப் பார்ப்பதும் உண்டு. அதனால் பெற்றோர் கூட்டத்தில் நீங்களாகவே கேளுங்கள். இரவில் சந்தேகம் வந்தால் 811 அழையுங்கள். பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ தாதி ஒருவர் பேசுவார், காசு இல்லை.