குழுப்போர் ஆட்டங்களில் நிலையும் தரமும்

1. வினாவின் இயல்பு

பலர் ஓரணியாய்க் கூடிப் பொரும் ஆட்டங்களைக் காண்போர், ‘இவருள் தலைசிறந்தார் யாவர்?’ என வினவுதல் இயல்பு. தனியொருவர் தனியொருவரொடு பொரும் மற்போரில் இவ்வினாவிற்கு விடை காண்டல் எளிது; வென்றார் சிறந்தார் என்பதோடு அது முடியும். அணியாய்ப் பொருமிடத்தோ அவ்வாறன்று. ஒருவர் முன்னே பாய்வர். ஒருவர் பக்கத்தே நின்று துணைசெய்வர். மற்றொருவர் யாவரும் வீழ்ந்த பின்னர் எஞ்சி நின்று காப்பர். இம்மூவரையும் ஒரே கோலால் அளந்து முதலிடம், இரண்டாமிடம் என வரிசைப்படுத்தல் பொருந்துமோ என்பதே இக்கட்டுரையின் வினா.

பொருந்தாது என்பதும், நிலையை முதலில் வகுத்து அந்நிலைக்குள்ளேயே தரங்காண்டல் வேண்டும் என்பதும், இந்நெறி தமிழ்ப் பொருளிலக்கணத்தில் நெடுங்காலத்திற்கு முன்னரே அமைந்து கிடப்பது என்பதும் எம் கருத்து. இதனை நிறுவுதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் இன்றும் ஆடப்பெறும் சடுகுடுவையும், தொல்காப்பியத் தும்பைத் துறைகளையும், இளைஞர் கைகளில் இன்று விளங்கும் வீடியோ விளையாட்டு ஒன்றனையும் சான்றாகக் கொள்கின்றோம்.

2. சடுகுடு அணியின் நிலைகள்

பொங்கற் காலத்தும் கோயில் திருவிழாக் காலத்தும் புதுக்கோட்டைப் பகுதி ஊர்களில் சடுகுடுப் போட்டிகள் நிகழ்தல் யாவரும் அறிந்தது. இக்காலத்தில் இது கபடி என்னும் பெயரால் உலகறிய வழங்குகின்றது. ‘கைபிடி’ என்பதே கபடியாயிற்று என்பாரும் உளர். அச்சொல்லாராய்ச்சி ஈண்டு வேண்டுவதன்று. 1990ஆம் ஆண்டு பெய்சிங்கு நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இவ்வாட்டம் இடம்பெற்றது. 2014இல் புரோ கபடித் தொடர் தோன்றியபின் ஆடுவார் ஒவ்வொருவரின் புள்ளியும் தனித்தனியே எண்ணப்பட்டு வரிசைப்படுத்தப் பெறுகின்றது.

ஆடவர் ஆடுகளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. அணிக்கு எழுவர். ஒருவர் மூச்சு விடாது பாடிக்கொண்டு எதிரணி நிலத்துட் புகுவர். 30 நொடிக்குள் எதிரிகளைத் தொட்டு மீளல் வேண்டும். இவரைப் பாடிச் செல்வோர் எனவும், ‘ரைடர்’ எனவும் கூறுவர். காத்து நிற்கும் எழுவரும் வளைவாக நிற்பர். இரு கோடியிலும் நிற்போர் ‘கார்னர்’. அவரையடுத்து நிற்போர் ‘இன்’. அதற்கும் உள்ளே நிற்போர் ‘கவர்’. நடுவே நிற்பவர் ‘சென்டர்’. இவ்வாங்கிலப் பெயர்களையே நம் ஊர்ப்புறத்து ஆட்டக்காரரும் வழங்குகின்றனர்.

இவர்தம் தொழில்கள் வேறு வேறானவை. கோடியில் நிற்பவர் தாழ்ந்து பாய்ந்து பாடிவருவோரின் கணுக்காலைப் பற்றுவர். இதற்கு வேண்டுவது காலமறிந்து பாயும் கூர்மை. கவர் நிலையில் நிற்பவரோ, அங்ஙனம் பற்றப்பட்டவர் நடுக்கோட்டை நோக்கித் திமிறுங்கால், தம் இடம் விட்டு ஓடிவந்து மறித்து நிற்பர். அல்லது உடம்பால் மோதிக் களத்திற்கு வெளியே தள்ளுவர். இதற்கு வேண்டுவது உடல்வலியும், பற்றியவர் மனத்தைப் பற்றுமுன்னரே உணரும் இசைவும் ஆகும். கவர் வருதற்கு ஒரு நொடி தாழ்ப்பின், கணுக்காலைப் பற்றியவர் கை வீணாகும். எதிரணிக்குப் புள்ளியும் சேரும்.

இங்ஙனமாகவும், தொடர்ப்போட்டிகளில் பிடித்தற்குரிய புள்ளியை முதலிற் பற்றியவர் பெயரில் எழுதுதலே வழக்கமாயிற்று. ஊர்ப் போட்டிகளிலோ ‘சிறந்த ரைடர்’, ‘சிறந்த கேட்சர்’ என்னும் இரு பரிசுகளே பெரும்பாலும் வழங்கப் பெறும். மறித்து நின்று பிடியை முற்றுவித்தவர்க்குப் பெயரும் இல்லை, பரிசும் இல்லை. மேலும், வலிய கார்னர் ஒருவர் நிற்பதை அறிந்து பாடிவருவோர் அப்பக்கம் செல்லாது திரும்புவராயின், அவர் தடுத்த புள்ளி எந்த ஏட்டிலும் ஏறாது. நிகழ்ந்ததை எண்ணலாம், நிகழாது தடுக்கப்பட்டதை எண்ணல் அரிது. தரவரிசையின் முதற்குறை இதுவே.

3. தும்பைத் துறைகள் காட்டும் நெறி

இனி, நம் இலக்கணம் குழுப்போரை எங்ஙனம் நோக்கிற்று எனக் காண்போம். தொல்காப்பியப் புறத்திணையியல் தும்பைத் திணைக்குப் பன்னிரண்டு துறைகளை வகுக்கின்றது. இத்துறைகளை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். இவற்றுள் எதுவும் ‘மிக்க வலியன்’, ‘பலரைக் கொன்றான்’ என்று ஆளை அளக்கும் அளவுகோலாய் நில்லாது, இன்ன நிலையில் நின்றான், இன்ன இடுக்கணில் இன்னது செய்தான் எனச் சூழலையே முதலாகக் கொண்டுள்ளது. ஒருவனுக்குப் பலர் உடையும் நூழில் என்னும் துறையும், படை உடைந்தவழி ஒருவன் வாள்வீசும் சூழலைக் கூறுவதேயன்றி வீழ்ந்தார் தொகையைக் கூறுவதன்று.

மூன்று துறைகள் நம் ஆராய்ச்சிக்குச் சிறப்பாக உரியன. முதலாவது தார்நிலை. வேந்தன் பகைவரால் சூழப்பட்டவழி, வேறோரிடத்துப் பொருதுகொண்டிருந்த ஒருவன் அப்போரை விட்டு மீண்டு வந்து அவரை எறிதல் இத்துறையின் பொருள். வருவோன் தானைத் தலைவனாயினும் துணைவந்த அரசனாயினும் ஆகலாம் என விரித்துரைப்பர் நச்சினார்க்கினியர். இரண்டாவது எருமை. கூழை என்பது பின்னணிப் படை. தன் படை உடைந்தவிடத்து ஒருவன் புகுந்து அப்பின்னணியைத் தாங்கி, எருமைக்கடாப் போல அசையாது நிற்றல் இது. மூன்றாவது நல்லிசைநிலை. தலைவன் களத்தில் வீழ்ந்தானாக, அதனாற் சினங்கொண்டு ஒருவன் மேலும் நெருங்கிப் பொருதல் இது. ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையும் தார்நிலை, எருமைமறம் என்னும் பெயர்களைப் பொருள் வேறுபாட்டுடன் வழங்குகின்றது.

முதலாவது துணைவன் நிலை. இரண்டாவது பின்னணி காப்போன் நிலை. மூன்றாவது எஞ்சினோன் நிலை. இவற்றுள் ஒன்று மற்றொன்றின் உயர்ந்தது என ஆசிரியர் யாண்டும் கூறிற்றிலர். நூற்பாவில் முன்வைத்தமையாற் சிறந்தது எனக் கோடற்கும் இடமில்லை. ஒவ்வொரு துறையும் தன்னளவில் முழுமையுடையது; ஒவ்வொன்றனுள்ளும் சிறந்தோர் உளர்.

இலக்கணத்தில் மட்டுமன்றிக் கல்லிலும் இந்நெறி காணலாகும். புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கேயுள்ள பொற்பனைக்கோட்டையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. ஆநிரை பற்றிய பூசலிற் பட்ட கணங்குமரன் என்பானுக்கு எடுத்த கல் அது. அக்கல்வெட்டில் ‘அங்கபடை’ என்னும் சொல் காணப்படுகின்றது; மெய்காவற்படை என அதற்குப் பொருள் கொள்வர். அவன் எத்துணைப் பேரை வீழ்த்தினான் என்பது கல்லில் இல்லை. எந்நிலையில் நின்றான் என்பது உள்ளது. முன்னே பாய்ந்தவனுக்கே பெயர் என்னும் வழக்கம் அக்கல்லை எடுப்பித்தாரிடம் இல்லாமை கருதத்தக்கது.

4. வீடியோ விளையாட்டில் அதே வினா

சப்பானிய நிறுவனமாகிய கேப்காம் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3’ என்பது திரையில் ஆடும் குழுப்போர் விளையாட்டு. ஆடுவோர் ஒவ்வொருவரும் மூன்று வீரரைத் தேர்ந்து ஓரணியாக்குவர். ஒருநேரத்தில் ஒருவனே களத்தில் நிற்பான். ஏனை இருவரும் வெளியே காத்திருப்பர். பொத்தானை அழுத்தின் அவருள் ஒருவன் நொடிப்பொழுது களத்துட் பாய்ந்து, ஓர் அடி கொடுத்து அகல்வான். மூவரும் வீழ்ந்தாலன்றித் தோல்வியில்லை.

இவ்விளையாட்டில் தேர்ந்தோர் தொடக்கத்தில் வீரர் அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்தித் தரம் பிரிக்க முற்பட்டனர். அவ்வரிசை முரண்பட்டது. பீனிக்ஸ் என்னும் வீராங்கனையை எடுத்துக்கொள்வோம். அவள் உடல்நலம் ஏனையோர் எல்லாரினும் குறைந்தது. முதலில் நிறுத்தின் சில அடிகளில் வீழ்வாள். அவளையே இறுதியில் நிறுத்தி, அணியின் ஆற்றற்கோடுகள் ஐந்தும் நிரம்பியிருப்பின், வீழ்ந்த அவள் வேறோர் உருவத்தோடு எழுந்து எதிரணியையே அழிக்க வல்லள். டாக்டர் டூம் என்பானோ தான் களத்தில் நின்று பொருவதினும், வெளியே இருந்து துணைக்கு ஏவும் படைக்கலங்களாற் பெரும்புகழ் பெற்றவன். ஒருவர்க்கே முதனிலையில் ஒரு தரமும், துணைநிலையில் ஒரு தரமும், இறுதிநிலையில் ஒரு தரமும் உண்டாதலின், மூன்று வரிசைகள் வகுத்தல் இன்றியமையாததாயிற்று.

இதனோடு நாம்கோ நிறுவனம் 1999இல் வெளியிட்ட ‘டெக்கன் டாக் டோர்னமெண்ட்’ என்னும் விளையாட்டை ஒப்பிடல் பயன்தரும். அதில் அணிக்கு இருவர். இருவருள் ஒருவர் வீழினும் அணி தோற்கும். ஆகவே யாவரும் வீழ்ந்தபின் எஞ்சி நின்று காக்கும் நிலை என ஒன்று அங்கே இல்லை. விதி மாறின் நிலை மாறும். நிலை மாறின் தரம் மாறும். தரம் என்பது ஆளிடத்து மட்டும் கிடப்பதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

5. மூன்றற்கும் பொதுவாய ஓரியல்பு

காலத்தாலும் இடத்தாலும் தொடர்பில்லாத இம்மூன்றனுள்ளும் வியக்கத்தக்க ஒற்றுமை ஒன்றுண்டு. எஞ்சியோர் குறையக் குறைய, எஞ்சி நின்றோன் செயலுக்கு மதிப்பு மிகுகின்றது. சடுகுடுவில் காப்போர் மூவரோ அதனிற் குறைந்தோரோ நின்று பாடிவருவோரைப் பிடிப்பின், ஒரு புள்ளிக்கு மாறாக இரண்டு புள்ளிகள் உண்டு. மேற்கூறிய கேப்காம் விளையாட்டில் ‘எக்ஸ்-ஃபேக்டர்’ என்னும் ஆற்றல், மூவரும் நிற்குங்கால் முதற்படியிலும், ஒருவனே எஞ்சுங்கால் மூன்றாம் படியிலும் அமையும். தும்பையிலோ, தலைவன் வீழ்ந்தபின் பொருதவனுக்கே நல்லிசை என்னும் பெயர் வாய்த்தது.

இவ்வொற்றுமையால், ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றிற்று எனக் கூறுதல் மிகையாகும். யாம் அங்ஙனம் கூறேம். மாந்தர் அணியாகப் பொருமிடத்தெல்லாம் முன்னிற்றல், துணைநிற்றல், எஞ்சிநிற்றல் என்னும் மூன்றும் தாமே பிறக்கும் என்பதே கொள்ளத்தக்கது. அம்மூன்றற்கும் தனித்தனிப் பெயரிட்டு, ஒன்றனுள் ஒன்றை அடக்காது வைத்தமையே தமிழிலக்கணத்தின் சிறப்பு.

6. தரங்காணும் முறை

மேற்கூறியவற்றால் மூன்று வரையறைகள் பெறப்படும். முதலாவது, ஒருவரைத் தரப்படுத்துமுன் அவர் நின்ற நிலையைக் கூறல் வேண்டும். கார்னரைக் கார்னரோடு ஒப்பிடலாம். கவரோடு ஒப்பிடல் ஆகாது. இரண்டாவது, அவர் தாமே செய்தவற்றோடு, பிறர் செய்தற்கு அவர் துணையானவற்றையும் எண்ணல் வேண்டும். மூன்றாவது, அச்செயல் நிகழ்ந்த இடுக்கணை நோக்கல் வேண்டும். எழுவர் நிற்கும்போது பிடித்த பிடியும், இருவர் எஞ்சியபோது பிடித்த பிடியும் ஒன்றல்ல.

‘எல்லா நிலையும் ஆடவல்லார் ஒருவர் இருப்பின் அவரே தலையாயவர் அல்லரோ?’ எனின், கூறுதும். பல நிலைகளில் ஆடவல்லார் அணிக்குப் பெரும்பயன் தருவர் என்பது உண்மை. ஆயினும் ஒரு பொழுதில் ஒருவர் ஒரு நிலையிலேயே நிற்றல் கூடும். எழுவரும் பாடிச் செல்வதில் வல்லராய்க் கணுக்காலைப் பற்றுவார் ஒருவரும் இல்லையாயின், அவ்வணி தோற்கும். அணியைத் தேர்வார்க்கு வேண்டுவது தலைசிறந்த எழுவர் அல்லர்; ஏழிடத்திற்கும் ஏற்ற எழுவரே ஆவர்.

இதனால் விளையும் பயன் ஆட்டத்தளவில் நில்லாது. ஊர்ப்போட்டியில் பெறும் பரிசும் பெயரும் ஓர் இளைஞனைப் பெரிய அணிகளின் தேர்வாளர் கண்ணிற் படச்செய்வன. கல்லூரியிடமும் வேலைவாய்ப்பும் அவ்வழியே வருதல் உண்டு. எண்ணிக்கையில் ஏறாத நிலையில் நின்று அணியைக் காத்தவன், அப்பெயரின்மையால் அவ்வாய்ப்பையும் இழத்தல் கூடும். போட்டி நடத்துவோர் துணைநின்று பிடியை முற்றுவித்தார்க்கும் ஒரு பரிசு வகுப்பின் இக்குறை பெரிதும் நீங்கும்.

தமிழாய்வு மாணவர்க்கும் இங்கே ஒரு பணி உண்டு. புறப்பாடல்களிலும் நடுகற்களிலும் வரும் மறவரை அரசன் பெயர்வழியும் ஊர்வழியும் தொகுத்தார் பலர். அவர் நின்ற நிலைவழித் தொகுத்து நோக்கின், முன்னணியில் நில்லாத மறவர்க்குப் பழந்தமிழர் அளித்த இடம் எத்துணையது என்பது விளங்கும். கணங்குமரனைப் போல் நிலையோடு பெயர் பெற்றார் எத்துணையர் என்பதும் அதனால் அறியலாகும்.

ஆளைக் கண்டு நிலையை மதியாது, நிலையைக் கண்டு ஆளை மதித்தலே குழுப்போர் ஆட்டங்களுக்கு ஏற்ற தரநெறி என்பது எம் துணிபு.