கோரமண்டலில் 7 வரிகள்
தகவல் சந்தை – 9

கோரமண்டல் என்றதும் உங்களுக்குக் கடற்கரையோ, உரக் கம்பெனியோ, சென்னைக்கு வரும் எக்ஸ்பிரஸோ நினைவுக்கு வரலாம். நான் சொல்வது கோலார் தங்கவயலின் கோரமண்டல். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். ரயிலை விட்டு இறங்கினால் தொழிலாளர்களின் லைன் வீடுகள், சுரங்கக் கழிவு குவிந்த சைனைடு மேடு, மேட்டின் மேல் முட்செடி. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடியாயிற்று. அதன் பிறகு தங்கவயலில் பலருக்குத் தொழில் ஒன்றுதான்: விடிவதற்கு முன் ரயிலேறிப் பெங்களூர் போவது, இருட்டிய பின் திரும்பி வருவது.

அந்த ராத்திரி வண்டியில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பங்காருப்பேட்டையில் கூட்டம் இறங்கியதும் எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். பெங்களூரில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ், இரண்டாம் வருடம். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு வீட்டுக்கு மருந்து அனுப்பும் ஒரு கம்பெனி ‘ஸ்பான்சர்’ செய்கிறதாம். மாதா மாதம் ஒரு தொகை, கம்பெனி ஆள் ஒருவர் வழிகாட்டி, நன்றாகச் செய்தால் வேலை. பதிலுக்கு அவள் செய்ய வேண்டியது ‘சர்ன்’ கண்டுபிடிப்பது. அதாவது, மாதம் தவறாமல் மருந்து வாங்கும் வாடிக்கையாளர்களில் யார் அடுத்து கம்பெனியை விட்டுப் போவார்கள் என்று முன்கூட்டியே சொல்லும் மாடல்.

“பேரு, ஃபோன் நம்பர் எதுவும் இல்ல அங்கிள். எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் குடுத்திருக்காங்க” என்றாள். திரையில் ஒரு நீளமான எக்ஸெல் தாள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தலையும் காலும் புரியாத எழுத்துக் கோவை. அடுத்து பின்கோடு, ஆர்டர் தேதி, மருந்து, தொகை. லட்சக்கணக்கான வரிகள்.

விளையாட்டாகத் தன் ஊர் பின்கோடைப் போட்டு ஃபில்டர் செய்து பார்த்திருக்கிறாள். மூச்சுத்திணறல் மருந்து வகையில் 7 வரிகள் வந்தன. ஏழும் ஒரே ஐடி. மாதம் ஒரு இன்ஹேலர், மூச்சுக்குழாய் விரிய ஒரு மாத்திரை. தேதி எப்போதும் 2 அல்லது 3, பென்ஷன் வந்த மறுநாள். 8 மாத டேட்டாவில் 7 வரிதான்; ஜூன் இல்லை.

“எங்க பெரியப்பா” என்றாள். ஜூனில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அவளுடைய மாடல் அந்த ஐடிக்குச் சிவப்பு நிறம் கொடுத்திருந்தது. ஒரு மாதம் வாங்காதவர், போட்டிக் கம்பெனிக்கு ஓடிவிடக்கூடியவர், ஆகவே தள்ளுபடி கூப்பன் அனுப்பலாம் என்று அர்த்தம். மூச்சுத் திணறி மனுஷன் படுத்திருந்ததைக் கணக்கு ‘விசுவாசக் குறைவு’ என்று படித்திருக்கிறது.

கம்பெனிகள் மாணவர் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது புதிதும் இல்லை, கெட்டதும் இல்லை. 2012-இல் தொடங்கிய பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்திலேயே முனைவர் பட்ட மாணவரின் தொகையில் பாதியை ஒரு கம்பெனி தர வேண்டும். மத்திய அரசும் சி.ஐ.ஐ. என்கிற தொழிலதிபர்கள் கூட்டமைப்பும் சேர்ந்து கொண்டுவந்த திட்டம் அது. இங்கிலாந்தில் 2014-இல் அரசுப் பணத்தில் நுகர்வோர் தரவு ஆய்வு மையம் என்று ஒன்றை அமைத்தார்கள். லண்டன், லீட்ஸ், லிவர்பூல் பல்கலைக்கழகங்கள் அதில் இருந்தன. முதுகலை மாணவர்கள் பெரிய சில்லறை விற்பனைக் கம்பெனிகளின் டேட்டாவை வைத்து ஆய்வேடு எழுத ஏற்பாடு செய்வதும் அதன் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அந்த மையத்தின் வழிமுறையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். டேட்டாவை மூன்று அடுக்காகப் பிரித்திருந்தார்கள்: யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஒன்று, விண்ணப்பித்து வாங்க வேண்டியது ஒன்று. மிக நுட்பமான மூன்றாவது வகை பூட்டிய அறையை விட்டு வெளியே வராது. மாணவர்தான் அந்த அறைக்குள் போக வேண்டியிருந்தது. எழுதிய முடிவைக்கூட ஒருவர் சரிபார்த்த பிறகே வெளியே கொண்டுவர முடிந்தது. நம் பெண்ணோ அந்தத் தாளைப் பையில் போட்டுக்கொண்டு தங்கவயல் ரயிலில் போய்வருகிறாள்.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்ற நினைப்பு எவ்வளவு அப்பாவித்தனமானது என்று உலகத்துக்கு உறைக்கச் சொன்னவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துப் போனவர். 2006-இல் நெட்ஃபிளிக்ஸ், யார் எந்தப் படத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்தார்கள் என்ற 10 கோடி மதிப்பீடுகளைப் பெயர் நீக்கி வெளியிட்டது. படம் பரிந்துரைக்கும் கணக்கை 10 சதவீதம் மேம்படுத்துபவர்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த அரவிந்த் நாராயணன், தன் பேராசிரியர் விட்டாலி ஷ்மாட்டிகோவுடன் சேர்ந்து பரிசை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்த்தார். ஒருவர் மதிப்பிட்ட 8 படங்கள் தெரிந்தால் போதும். அதில் 2 தப்பாக இருந்தாலும், தேதிகள் 2 வாரம் முன்பின் இருந்தாலும், அந்தத் தொகுப்பில் 99 சதவீதம் பேரின் வரியைத் தனியாகப் பிரித்தெடுத்துவிடலாம் என்று காட்டினார்கள். வழக்கு வந்தது; 2010-இல் நெட்ஃபிளிக்ஸ் இரண்டாவது போட்டியையே கைவிட்டது. 2015-இல் இன்னொரு ஆய்வு, 11 லட்சம் பேரின் 3 மாதக் கிரெடிட் கார்டு செலவை எடுத்துக்கொண்டது. எந்த நாள், எந்தக் கடை என்று 4 தகவல் தெரிந்தால் 90 சதவீதம் பேரை அடையாளம் பிரித்துவிடலாம் என்றது.

இவையெல்லாம் பெரும் ஜனத்திரளில் நடந்த கணக்கு. கோரமண்டலில் அவ்வளவு சிரமம் வேண்டாம். இன்ஹேலர் வாங்கும் கிழவர் யாரென்று லைனில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

ஆராய்ச்சி என்ற போர்வைக்கு இதைவிட மோசமான உதாரணம் நமக்குத் தெரிந்ததுதான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் அலெக்சாண்டர் கோகன், ஆராய்ச்சிக்கு என்று சொல்லி ஒரு மனோதத்துவ வினாடிவினா ஆப் விட்டார். அது திரட்டிய டேட்டா கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவின் தேர்தல் வியாபாரத்துக்குப் போனது. இந்தியாவில் அந்த ஆப்பை இறக்கியவர்கள் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய இந்தியர்கள் 5,62,455 பேர் என்று 2018-இல் ஃபேஸ்புக்கே கணக்குச் சொன்னது. மிச்சப்பேர் செய்த குற்றம், அந்த 335 பேருக்கு நண்பர்களாக இருந்தது.

ஆட்களைப் பற்றித் தகவல் திரட்டும் இந்த விவகாரம் தங்கவயலுக்கு ஒன்றும் புதிதில்லை. 1930 ஏப்ரலில் இங்கே ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அது கூலிக்காகத் தொடங்கவில்லை. தொழிலாளர் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நிர்வாகம் கொண்டுவந்த உத்தரவுக்கு எதிராகத் தொடங்கியது. கைரேகை அன்றைக்குக் குற்றவாளிகளிடம் எடுப்பது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து பாறைக்கடியில் இறங்கியவர்கள், உழைப்பை விற்றோம், விரலை விற்கவில்லை என்ற கணக்கில் வெளியே வந்து நின்றார்கள். உத்தரவு பின்வாங்கப்பட்டது. அதன் பிறகும் மற்ற கோரிக்கைகளை முன்வைத்து நிறுத்தம் நீண்டது. வரலாற்று ஆய்வாளர் ஜானகி நாயர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். எனக்கென்னவோ, நம் நாட்டில் ‘என்னைப் பற்றிய தகவல் யாருக்குச் சொந்தம்’ என்ற வழக்கின் முதல் அமர்வு நீதிமன்றத்தில் நடக்கவில்லை, இந்தச் சுரங்க வாசலில் நடந்தது என்று தோன்றும்.

உடம்பைப் பற்றிய தகவலும் இங்கே திரட்டப்பட்டதுதான். 1940-களில் சுரங்கத்து மருத்துவர்கள் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். 3,402 பேருக்குச் சிலிக்கோசிஸ். அதாவது சுமார் 44 சதவீதம்.  சோதனைக்கு நின்றவர்களிடம் யாராவது சம்மதம் கேட்டிருப்பார்களா என்றால், அந்தக் காலத்து வழக்கம் அதுவல்ல. ஆனால் அந்த எண் இல்லாவிட்டால், பாறைத்தூள் நுரையீரலைத் தின்கிறது என்பதை யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டேட்டாவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

(யார் சம்மதமும் தேவைப்படாத ஆராய்ச்சியும் இந்தச் சுரங்கத்தில் நடந்தது. 1965-இல் சாம்பியன் ரீஃபில் 2 கிலோமீட்டருக்கும் கீழே, டாடா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவைப் பிடித்தார்கள். நியூட்ரினோவுக்குப் பின்கோடு கிடையாது.)

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு தருகிறது. நிபந்தனை: அந்தத் தகவலை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக்கூடாது, அரசு வகுத்த தரங்களின்படி கையாள வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம். இப்போது அந்தப் பெண்ணின் ப்ராஜெக்டை வைத்துப் பாருங்கள். ஆய்வேடு எழுதும்வரை அது ஆராய்ச்சி. அதே மாடலைக் கம்பெனி எடுத்து, சிவப்பு ஐடிக்குக் கூப்பன் அனுப்பும்போது, அது ஒருவரைப் பற்றி எடுத்த முடிவு. கல்லூரியின் கதவைத் தாண்டும் இடத்தில் எங்கே கோடு போடுவது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது கம்பெனி, கல்லூரி, அவள். நான்காவதாக ஒருவர் இருக்கிறார். அவருக்கு நாற்காலியே போடவில்லை.

“பின்கோடோட கடைசி மூணு நம்பரை எடுத்துடலாமான்னு கேட்டேன் அங்கிள். அது இல்லாம எங்க ஸ்டாக் வைக்கிறதுன்னு எப்படித் தெரியும்ன்னாங்க.” கல்லூரி வழிகாட்டி, முதலில் மார்க்கைப் பார் என்றாராம்.

கோரமண்டலில் அவளோடு இறங்கினேன். பெரியப்பா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். 26 வருஷம் அண்டர்கிரவுண்ட். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை மூச்சு வாங்கினார். நான் யார் என்று கேட்டுக்கொண்டு, டீ போடச் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“தேதி ரெண்டாச்சும்மா. மருந்து போட்டுடு.”

அந்த ஆப்பை அவர் ஒருநாளும் திறந்ததில்லை, அவள்தான் திறப்பாள். ஆப் புதுப்பிக்கப்பட்டிருந்தது போலும், புது நிபந்தனைகள் நீளமாக வந்து நின்றன, அடியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானோடு. அவள் கட்டைவிரல் அதன் மேலே கொஞ்ச நேரம் நின்றது. பெரியப்பா இருமினார். அழுத்தினாள்.

(தொடரும்)