குளிருக்கு மூட்டிய நெருப்பு

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகும் பாதையில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் தெரியத் தொடங்கியதுமே பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடிகளை இழுத்து மூடிவிடுவார்கள். அப்படியொரு குளிர்! பாவா ஆதம் மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊரல்லவா? டிசம்பர் பௌர்ணமி தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும் மலையேறுகிறவர்களால் ஊர் நிறைந்து வழியும். தங்குமிடங்களில் இடம் கிடைப்பதே கஷ்டம்.

பிள்ளைகளின் விடுமுறையில் ஒருமுறை நாங்களும் போயிருந்தோம். மாமி, நான், என் தங்கை, அவளுடைய இரண்டு பிள்ளைகள் ஓர் அறையில். ஆண்கள் பக்கத்து அறையில். பிள்ளைகள் நடுங்குவதைப் பார்த்து, தங்குமிடத்துப் பையன் கேஸ் ஹீட்டர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான்.

“ராத்திரி முழுக்க எரியட்டுங்க. கதவு ஜன்னலை நல்லா சாத்திக்கங்க. சூடு வெளியே போகாது” என்றான்.

நாங்களும் சாத்திக்கொண்டோம். போதாததற்குக் கதவின் கீழ் இடைவெளியில் ஒரு துவாயையும் மடித்து வைத்தேன். அறை சுகமாகச் சூடேறியது. பிள்ளைகள் நொடியில் தூங்கிவிட்டார்கள்.

மாமிக்குத் தஹஜ்ஜுத் தவறாது. அன்றும் எழும்பினார். ஆனால் நிற்க முடியவில்லை, தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டே போய், உளூ செய்வதற்காகக் கதவைத் திறந்து வைத்தார். சத்தம் கேட்டு நான் எழுந்தால், நெற்றி இரண்டாகப் பிளப்பது போல் தலைவலி. சின்னவன் வாந்தி எடுத்தான். தங்கையை உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

“ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல” என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி வேறு.

“அம்மா, ராத்திரி அறைக்குள்ளே நெருப்பு ஏதாவது வைத்திருந்தீர்களா?”

பக்கத்து அறையில் படுத்த ஆண்களும் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு ஒன்றுமில்லை. அவர்களுடைய அறையில் ஹீட்டரும் இல்லை! அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமி அந்தக் கதவைத் திறந்திருக்காவிட்டால்...? நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது. அல்ஹம்துலில்லாஹ்!

மணமில்லாத நஞ்சு

சகோதரிகளே! எந்த நெருப்பும் எரிவதற்கு ஒட்சிசன் வேண்டும். போதிய காற்று இருந்தால் கேஸ் முழுமையாக எரிந்து காபனீரொட்சைட்டும் நீராவியும் வெளிவரும். காற்றுக் குறைந்தால், அல்லது அடுப்பின் துவாரங்களில் அழுக்கு அடைத்தால், கேஸ் அரைகுறையாக எரிந்து காபனோரொட்சைட்டு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணும் எரியாது, இருமலும் வராது. நம் இரத்தம் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுதலோடு இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் உடம்புக்குப் போகவேண்டிய ஒட்சிசன் போகாது. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், அசதி, பிறகு மயக்கம். தூக்கத்தில் இருப்பவருக்கு இந்த அடையாளங்கள் தெரியாமலே போய்விடும். குழந்தைகளையும் முதியவர்களையும் இது அதிகம் தாக்கும். கர்ப்பிணியானால் வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் ஆபத்து.

“நாங்கள் கேஸ் ஹீட்டரே வாங்கவில்லையே!” என்று நீங்கள் சொல்லலாம். கரிச்சட்டி இல்லையா? பிள்ளை பெற்ற வீட்டில் தாய்க்கும் குழந்தைக்கும் குளிர் படக்கூடாதென்று ஜன்னலை அடைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தணல் வைக்கிற வழக்கம் இல்லையா? புகை அடங்கிய தணலில் ஆபத்தில்லை என்று எண்ணுகிறோம். அதுதான் பெரிய தவறு. செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்துதான் இந்த நஞ்சு ஏராளமாக வருகிறது. இறைச்சி சுட்ட அடுப்பை மழைக்காக உள்ளே தூக்கி வைப்பதும், குளிருக்காகக் குசினியில் கேஸ் அடுப்பை வெறுமனே எரிய விடுவதும் இதே கதைதான்.

பங்களாவும் லயமும்

தோட்டத்துத் துரை பங்களாக்களைப் பார்த்திருப்பீர்கள். கூரைக்கு மேலே புகைக்கூண்டு நிற்கும். வெள்ளைக்காரன் குளிருக்கு நெருப்பு மூட்டும் போதே புகை வெளியே போக வழியும் செய்துகொண்டான். லயத்து அறைகளுக்கு அந்த வசதி செய்து தரப்படவில்லை. ஒரே அறையில் விறகும் எரியும், பிள்ளைகளும் தூங்குவார்கள். அந்தப் புகை எத்தனை தாய்மாரின் நெஞ்சைக் கெடுத்திருக்கும்! இன்று அந்த அடுப்பின் இடத்துக்கு கேஸ் வந்திருக்கிறது. புகை கண்ணுக்குத் தெரியாததால் புகைக்கூண்டைப் பற்றிய நினைவே நமக்கு வருவதில்லை.

புகைக்கூண்டு தேவையில்லாத கேஸ் ஹீட்டர்கள் வெளிநாடுகளிலும் உண்டு. ஆனால் பிரிட்டனில் அவற்றைப் பொருத்துவதானால் சுவரில் எப்போதும் திறந்திருக்கும் காற்றுத் துவாரம் வேண்டும். அறையும் போதிய அளவு பெரிதாக இருக்க வேண்டும். 2009 முதல் அங்கே கேஸ் வேலை செய்கிறவர் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் பதிந்தவராக இருப்பது கட்டாயம். வீட்டை வாடகைக்கு விடுகிறவர் தமது கேஸ் சாதனங்களை வருடந்தோறும் பரிசோதிக்க வேண்டும். ஒட்சிசன் குறைந்தால் தானாகவே கேஸை நிறுத்தும் ஒரு கருவியும் நல்ல ஹீட்டர்களில் இருக்கும். வாங்கும் போது அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கும் மேலான தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே சேரும். ஹீட்டர் வைத்த அறையின் சுவர் வியர்ப்பதும், பூஞ்சணம் பிடிப்பதும் இதனால்தான். சளி, இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு அது வேறு கெடுதி.

2021 தந்த பாடம்

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நம் நாட்டில் கேஸ் வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சிலிண்டரை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் எத்தனை பேர்! இதை ஆராய ஜனாதிபதி நியமித்த குழு, சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் வாயுக்களின் கலப்பு அளவு மாறியதை முக்கிய காரணமாகச் சொன்னது. புரொப்பேன் கூடினால் உள்ளே அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பழைய குழாயும் தளர்ந்த பூட்டும் கசியத் தொடங்கும். கலப்பு நம் கையில் இல்லை. குழாயும் பூட்டும் நம் கையில்தான் இருக்கின்றன.

நாம் செய்ய வேண்டியவை

• படுக்கையறையில் கேஸ் ஹீட்டரோ கரிச்சட்டியோ வேண்டாம். முன்னறையைச் சூடாக்கிவிட்டு, படுக்கும் முன் அணைத்துவிடுங்கள். பிறகு போர்வையும் சுடுதண்ணீர்ப் பையும் போதும்.

• ஹீட்டர் எரியும் போது ஒரு ஜன்னலாவது சற்றுத் திறந்திருக்கட்டும். கதவின் கீழே துணி அடைக்காதீர்கள்.

• சுடரைப் பாருங்கள். நீலமாக இருந்தால் நல்லது. மஞ்சளாக எரிந்தாலோ, சட்டியின் அடியில் கரி பிடித்தாலோ காற்று சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம்.

• ஹீட்டரை மாதக்கணக்கில் மூலையில் போட்டிருந்தால் தூசியும் சிலந்தி வலையும் துவாரங்களை அடைத்திருக்கும். குளிர்காலத்துக்கு முன் வருடம் ஒருமுறை விஷயம் தெரிந்தவரைக் கொண்டு கழற்றித் துப்புரவு செய்யுங்கள். தீத்தட்டு வெடித்திருந்தால் பாவிக்க வேண்டாம்.

• குழாயிலும் பூட்டிலும் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு உண்டு. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது! குழாயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

• கேஸ் மணம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். சிலிண்டரைப் பூட்டி, கதவு ஜன்னல்களைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியே வாருங்கள்.

• காய்ச்சல் இல்லாமல் ஒரே அறையில் இருந்த எல்லோருக்கும் தலைவலியும் குமட்டலும் வந்தால் சாப்பாட்டின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். உடனே திறந்த வெளிக்கு வந்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள். டாக்டரிடம் நெருப்பு இருந்ததைச் சொல்லுங்கள்.

• காபனோரொட்சைட்டைக் கண்டால் சத்தமிடும் சிறிய கருவி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும்போது, சொக்லட்டுக்கும் சென்ட்டுக்கும் பதிலாக அதில் ஒன்று கொண்டுவரச் சொன்னால் என்ன?

உறங்கும் வேளையில் வீட்டில் நெருப்பை எரிய விடக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு எரிந்துபோன செய்தி எட்டியபோது, நெருப்பு உங்களுக்கு எதிரி, அதை அணைத்துவிட்டுத் தூங்குங்கள் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். எத்தனையோ முறை கேட்ட ஹதீஸ்தான். நல்லதண்ணியில் அந்த இரவில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லையே!

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் படுக்கும் முன் மாமி ஒரு சுற்று வருவார். சிலிண்டரின் பூட்டைத் தொட்டுப் பார்ப்பார். குசினி ஜன்னலைச் சற்றுத் திறந்து வைப்பார். “குளிருதே மாமி” என்று யாராவது முனகினால் அவரிடம் ஒரே பதில்தான்:

“குளிர் விடியுமட்டும்தான் மகள். போர்த்திக்கொண்டு படு.”