மன அழுத்தத்திற்கு மூலிகை மருந்தாகுமா?

கேமரன் மலையில், தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்தவள் நான். சென்ற விடுமுறைக்கு வீடு திரும்பியபோது, பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் வாங்கிய பொட்டலம் ஒன்றை அத்தை துணிப்பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார்.

"நீ படிச்ச பிள்ள. இது நல்லதான்னு பாத்துச் சொல்லும்மா. மாமாவுக்குத் தெரிய வேணாம்."

உறையில் 'காச்சிப் பாத்திமா' என்றிருந்தது. மாமாவுக்கு வேலை போனதிலிருந்து அத்தைக்குச் சரியான தூக்கமில்லை; மாமாவிடம் முகங்கொடுத்துப் பேசவும் பிடிக்கவில்லையாம். "எனக்கு எல்லாமே விட்டுப் போச்சும்மா" என்றார். நம் பெண்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் செய்தி இது. ஆகவேதான் இங்கே எழுதுகிறேன்.

கவலை நீடித்தால் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோல் என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கும். அதனால், சூலகத்தை இயக்க மூளை அனுப்பும் கட்டளைகள் தளரக்கூடும். மாதவிலக்கு தவறலாம், தூக்கம் கெடலாம், தாம்பத்திய நாட்டம் குறையலாம். இது குணக்கேடு அன்று. கணவர்மேல் அன்பில்லை என்பதும் அன்று. உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை.

மூலிகைகள் இதற்கு உதவுமா? காச்சிப் பாத்திமாவை மலாய்ப் பெண்கள் பிரசவத்திற்குப்பின் கஷாயமாகக் குடிப்பது நெடுநாள் வழக்கம். ஆனால், அது தாம்பத்திய நாட்டத்தைக் கூட்டும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. தொங்காட் அலி வேரை 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 63 பேரிடம் நான்கு வாரம் சோதித்தார்கள். அவர்களில் 31 பேர் பெண்கள். வேர்ச்சாறு உண்டவர்களின் உமிழ்நீரில் கார்ட்டிசோல் 16 விழுக்காடு குறைந்திருந்தது. நம் சித்த மருத்துவம் போற்றும் அமுக்கராக் கிழங்கை 2015இல் இந்தியாவில் 50 பெண்களிடம் எட்டு வாரம் ஆராய்ந்தபோது, நாட்டமும் நிறைவும் கூடியதாகத் தெரிந்தது. இவை நம்பிக்கை தருகின்றன. எனினும் மிகச் சிறிய ஆய்வுகள். அமுக்கராவால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியுள்ளது. கருவுற்றோரும் தைராய்டு மருந்து உண்போரும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

வாங்கும்போது உறையைக் கவனியுங்கள். மலேசியாவில் பாரம்பரிய மருந்துகளுக்கு 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி 'டி' என்று முடியும் பதிவெண் உண்டு. சுகாதார அமைச்சின் ஹோலோகிராம் ஒட்டும் இருக்க வேண்டும். அத்தையின் பொட்டலத்தில் இரண்டுமே இல்லை. 'மூலிகை' என்ற பெயரில் விற்ற பொருள்களில் சில்டெனாஃபில் போன்ற ஆங்கில மருந்துகள் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. பதிவெண்கூட, பொருள் தரமானது, பாதுகாப்பானது என்பதற்கே அடையாளம்; நோயைத் தீர்க்கும் என்பதற்கு அன்று.

மறுநாள் அத்தையை அரசாங்க கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றேன். ஒரு ரிங்கிட்தான் கட்டணம். இரத்தச் சோதனையில் இரும்புச்சத்துக் குறைவு தெரிந்தது. சோர்வுக்கும் நாட்டக் குறைவுக்கும் அதுவும் ஒரு காரணமாகலாம் என்றார் டாக்டர். அத்தை மூன்று வேளையும் சோற்றோடு தேநீர் குடிப்பவர். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும்! சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொன்னார். இரும்பு மாத்திரையும் தந்தார். "அடுத்த முறை வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

அந்தக் கடைசி மருந்துதான் அத்தைக்குக் கசந்தது. ஆயினும் மாமாவிடம் சொன்னார். மூன்று மாதம் கழித்துத் தொலைபேசியில், "இப்ப ரெண்டு பேரும் சாயங்காலம் நடக்கப் போறோம்மா" என்றார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை; அவர் குரலே போதுமானதாக இருந்தது.

தோழியரே, உங்கள் அம்மாவோ அத்தையோ இப்படியொரு பொட்டலத்தை மறைத்து வைத்திருக்கலாம். பறித்து எறியாதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். அருகில் உட்கார்ந்து, என்ன கவலை என்று முதலில் கேளுங்கள்.