கற்கண்டுக்குள் ஒரு பச்சை வெளிச்சம்

உடன்குடி என்றால் கருப்பட்டிதான் முதலில் நாக்கில் வரும். பனங்கற்கண்டின் கதை கொஞ்சம் வேறு. கருப்பட்டிக்குப் பாகு முறுக வேண்டும். சிரட்டையில் ஊற்றினால் சீக்கிரமே இறுகிவிடும். கற்கண்டுக்கோ பதத்தைச் சற்று முன்னால் நிறுத்தி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, ஆட்டாமல் அசைக்காமல் வாரக்கணக்கில் விட்டுவைக்க வேண்டும். திறந்து பார்த்தால் நூலைச் சுற்றிப் பட்டை தீட்டினாற்போல் கட்டிகள் அப்பியிருக்கும். அவசரப்பட்டவருக்குக் குருணைதான்.

அந்தக் கட்டியைப் பொடித்து, இருட்டறையில் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் துடிப்பைப் பாய்ச்சினால் மங்கலாகப் பச்சை ஒளி கிளம்பும். உள்ளே போனது கண்ணுக்குத் தெரியாத ஒளி. வெளியே வருவது சரிபாதி அலைநீளம், 532 நானோமீட்டர்.

நாதஸ்வரத்தில் விரலை மாற்றாமல் காற்றை அழுத்தி ஊதினால் சுரம் மேல் ஸ்தாயிக்குத் தாவும் அல்லவா? ஏறத்தாழ அப்படித்தான். மெல்லிய ஒளிக்கு எலக்ட்ரான்கள் ஒழுங்காகத் தலையாட்டும். லேசரின் வலிமையில் அந்த ஆட்டம் கோணலாகி, இரட்டை அதிர்வெண்ணும் பிறக்கிறது. ஆனால், படிகத்தின் அணு அடுக்கு மையத்தின் இருபுறமும் ஒன்றுபோல் இருந்தால் இந்த விளைவு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இடக்கை வலக்கைபோல் ஒருபக்கச் சாய்வுள்ள சர்க்கரை மூலக்கூறுக்கு அந்தச் சிக்கல் இல்லை. உப்புக்கல்லில் இதைத் தேடினால் ஏமாற்றம்தான்.

1961இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் குழுவினர் குவார்ட்ஸில் இதை முதலில் கண்டார்கள். சிவப்பு லேசரிலிருந்து வந்த புற ஊதா ஒளி, படத்தில் ஒரு சின்னப் புள்ளியாக விழுந்தது. அச்சுக்குப் போன இடத்தில் அதைத் தூசி என்று நினைத்து அழித்துவிட்டார்களாம். கண்டுபிடிப்புக் கட்டுரை, கண்டுபிடிப்பு இல்லாமலே வெளியானது!

ஆனால் பயன்பாட்டுக்குப் பொடியில் ஒளி வந்தால் போதாது; முழுப் படிகம் வேண்டும். படிகத்துக்குள் மூல ஒளியும் புதிய ஒளியும் வெவ்வேறு வேகத்தில் ஓடும். குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டுமே இரண்டும் கால் பிசகாமல் சேர்ந்து நடக்கும். படிகமோ எல்லாப் பக்கமும் தன்னிஷ்டத்துக்கு வளரும். தேவையான கோணத்தில் வெட்டும்போது பெரும்பகுதி கழிவாகிவிடும்.

இங்கேதான் தமிழ்நாட்டின் கைவேலை வருகிறது. 2005இல் ஆய்வாளர்கள் கே. சங்கரநாராயணனும் பி. ராமசாமியும் ஒரு வழியை வெளியிட்டார்கள். கண்ணாடிக் குழாயின் அடியில் வேண்டிய திசையில் விதைப்படிகத்தை வைத்து, மேலே கரைசலை நிரப்பி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தி மெதுவாக ஆவியாக விட்டால், குழாயின் வடிவத்தில் அதே திசையில் படிகம் எழும். இருவர் பெயரின் முதலெழுத்தால் 'எஸ்.ஆர். முறை' என்றே படிகக்காரர்கள் அதைச் சொல்கிறார்கள். அடிப்படையில் உடன்குடியின் பொறுமைதான். நூலுக்குப் பதில் விதை.

அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கும் வித்தையைத் தலைகீழாகவும் ஆடலாம். 405 நானோமீட்டர் ஊதா ஒளித்துகள் ஒன்று, தக்க படிகத்துக்குள் உடைந்து 810 நானோமீட்டரில் இரட்டையாகப் பிறக்கும். பல கோடியில் ஒன்றுக்குத்தான் அந்த வாய்ப்பு. குவாண்டம் பிணைப்புள்ள இத்தகைய இரட்டையர்தான் தகவலைப் பூட்டும் ரகசியச் சாவியை அனுப்பும் சோதனைகளுக்கு மூலதனம். 2022 ஜனவரியில் அகமதாபாத்தில் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையமும் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடமும், 300 மீட்டர் திறந்தவெளியில் பிணைப்புத் துகள்களைக் கொண்டு சாவி பகிர்ந்து காட்டின. நடுவில் யாராவது துகளைத் தொட்டுப் பார்த்தால் பிழைகள் கூடும். ஒட்டுக்கேட்பவர் அதிலேயே மாட்டிக்கொள்வார்.

இரட்டையரைப் பிறப்பிக்கும் வேலைக்குக் கற்கண்டு ஆகாது. ஒளி மாற்றும் திறன் குறைவு. ஐப்பசி ஈரத்தில் கசியவும் செய்யும்.